இருபத்தேழாம் மெசின்

எங்கள் லைனில் முப்பத்தொரு பேர்.
கழிப்பறைக்குப் போக அட்டை இரண்டு.
நீல நாடாவில் கோத்த அட்டை.
கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும்,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளைபோல.

மணிக்குத் தொண்ணூறு காற்சட்டைப் பை.
தைத்தது எத்தனை என்று பலகையில் எழுதும் சுப்பவைசர்
குறைந்தது ஏன் என்று எழுத
இடம் விடுவதில்லை.

மாங்குளத்திலிருந்து ஐந்தரை பஸ்ஸில் வருகிறவள் துவாரகி.
ஏழு மாதம்.
அட்டை வரும் வரும் என்று இருந்தாள்.
பிறகு எழும்பவேயில்லை.
கதிரையை நாங்கள் வெட்டுத்துணியால் துடைத்தோம்.
எண்பத்திரண்டு என்றது பலகை.

சாப்பாட்டறைச் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது,
'உங்கள் குரல்' என்று மூன்று மொழியில்.
திறப்பு மனேச்சரின் மேசை லாச்சிக்குள்.
போன வருடம்
சோற்றில் வண்டு என்று எழுதிப் போட்டவளை
இரண்டாம் நாள் கூப்பிட்டு
"உம்மட எழுத்து நல்ல வடிவு" என்றார்களாம்.
சோறு மாறவில்லை.
அவளை மாற்றினார்கள், பொதி கட்டும் பகுதிக்கு.

அப்ப கையெழுத்தே இல்லாமல் எழுதுவம் என்றாள் றெஜினா.
வெள்ளைத் துணித்துண்டு, கறுப்பு நூல்.
இடைவேளையில் நாளுக்கொரு சொல்லாக
மூன்று நாள் தைத்தேன்:
மூத்திரத்துக்கு அட்டை வேண்டாம்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம் மனிதவளத்துறை ஐயா.
ஏழு தையலுக்கு ஒன்று தவறியிருக்கிறது,
எந்த மெசின் என்று தேடச் சொன்னாராம்.
தேடவேண்டாம்.
என்னுடையதுதான். இருபத்தேழு.
ஏழு தையலுக்கு ஒன்று தவறுகிறது என்று
நானே ஐந்து முறை எழுதிக்கொடுத்தும்
ஒருவரும் திருத்தாத மெசின்.

அந்த ஞாயிறு தர்மபுரத்தில், றெஜினா வீட்டுக்கு,
கட்டுநாயக்காவிலிருந்து சங்கத்துக்காரி வந்தாள். நில்மினி.
உடைந்த தமிழ், ஒரு கட்டுப் படிவம்.
முழுப்பெயர். தகப்பன் பெயர். அடையாள அட்டை இலக்கம். நிரந்தர முகவரி.
அறை அமைதியாகிவிட்டது.

சங்கம் பிடிக்காமல் இல்லை.
வரிசையில் நின்று, கம்பி வேலிக்கு முன்னால்,
பெயர் கொடுத்துக் கொடுத்து வந்தவர்கள் நாங்கள்.
கொடுத்த பெயர்களில் சிலது
இன்னும் வெளியே வரவில்லை.
இதை அவளுக்கு யார் சொல்வது, எந்த மொழியில்?
நில்மினி பேனையை மூடி வைத்துவிட்டு
தேத்தண்ணி கேட்டாள்.

திங்கள் காலை ஐயா சொன்னார்:
"சங்கம் என்னத்துக்கு, எங்களிட்ட ஊழியர் பேரவை இருக்கே."
இருக்கிறது. ஐந்து பேர், அவர்களே தெரிந்தவர்கள்.
மூன்று மாதத்துக்கொரு கூட்டம், கிறீம் பிஸ்கற்.
கடைசிக் கூட்டத்தில் பேசியது:
புதுவருடத்துக்குக் குடையா, சுவர்க்கடிகாரமா.

பத்து மணிக்கு மெக்கானிக் பரராசா வந்தார்.
ஒவ்வொரு மெசினிலும் ஒரு துண்டு தைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.
இருபத்தைந்து. இருபத்தாறு.
என்னை எழும்பச் சொன்னார்.
குனிந்தார், தட்டைக் கழற்றினார்,
ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவே ஏதோ நெருக்கினார்.
என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
பிறகு தைத்து எடுத்த துண்டை
ஐயாவிடம் நீட்டினார்:
"இதுவும் நல்லாத்தான் தைக்குது, சேர்."

ஐந்து கடிதத்துக்கு நடக்காதது
பத்து நிமிடத்தில்.

இந்தக் கிழமை எங்கள் லைனுக்கு அட்டை மூன்று.
யார் கூட்டினார்கள், ஏன் என்று அறிவித்தல் இல்லை.
மூன்றாவதற்கு நாடாவும் இல்லை,
கையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு போகலாம்.
பேரவை கேட்டு வாங்கியது என்கிறார் சுப்பவைசர்.
துவாரகி பிரசவ லீவில் நிற்கிறாள்.

நூற்றுக்கு நாற்பது பேர் வேண்டும் என்றாள் நில்மினி,
அப்போதுதான் கொம்பனி கதிரை போட்டுக் கதைக்கும்.
அறுநூறு பேரில் இதுவரை பதினொன்று.
என் படிவம் சோற்றுப்பெட்டியின் அடியில் கிடக்கிறது,
ஒரு மூலையில் சம்பல் எண்ணெய்.
பெயர் எழுதிவிட்டேன்.
இலக்கமும் எழுதிவிட்டேன், பாராமல்.

மெசின் இப்போது தவறுவதில்லை.
காதுதான் ஏழாவதில் ஒருக்கால் நிற்கிறது.